சிவகாமியின் சபதத்தைப் படித்து முடிக்க: பினாங்கு வாசகருக்கு ஒரு வழிகாட்டி

பினாங்கில் தமிழ் படிக்கும் வீடுகளில் கல்கியின் 'சிவகாமியின் சபதம்' இருப்பது அரிதன்று. அதை நான்காம் பாகம்வரை படித்து முடித்தவர் இருப்பதுதான் அரிது. தாத்தா வாங்கி வைத்த கெட்டி அட்டைப் பதிப்போ, சென்னைக்குப் போய் வந்த உறவினர் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த மலிவுப் பதிப்போ அலமாரியில் நிற்கும். முதல் பாகத்தின் நடுவில் எங்கோ ஒரு பழைய திருமண அழைப்பிதழ் அடையாளமாகச் செருகப்பட்டிருக்கும். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டால், "நடை பழசு, எனக்கு அந்த அளவுக்குத் தமிழ் வராது" என்று பலரும் தம்மையே குறைசொல்லிக் கொள்கிறார்கள். அது சரியான காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. கல்கி வார இதழ் வாசகருக்காக எழுதியவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, மலேசியாவின் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வின் தமிழ்த் தாளோடு தமிழ்ப் படிப்பை நிறுத்திக்கொண்ட ஒருவருக்கும் அவருடைய வாக்கியம் புரியும். யார் எந்தச் சமயத்தவர், யார் எந்த வேடத்தில் இருக்கிறார், யாருக்கு யார்மேல் என்ன கோபம் என்பவை தொடக்கத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுவதால்தான் வாசகர் திணறுகிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த நாவலைக் கையில் எடுப்பவர்களில் ஒரு சாரார் பல்லவ இளவரசர் மாமல்லர், சிற்பியின் மகள் சிவகாமி ஆகியோரின் காதலுக்காக எடுக்கிறார்கள். சமண, பௌத்த, சைவப் பூசல் வரும் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிடுகிறார்கள். மற்றொரு சாரார் சரித்திரத்துக்காகவும் சமய வரலாற்றுக்காகவும் எடுக்கிறார்கள். காதலர் ஊடல் வந்தால் அவர்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. இரண்டு சாராரும் பாதிப் புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள். சிவகாமியின் ஆடற்கலை யாருக்கு உரியது என்ற ஒரே கேள்வியைத்தான் கல்கி காதலாகவும் சமயமாகவும் அரசியலாகவும் மாற்றி மாற்றிக் கேட்கிறார். கீழே சொல்லியிருக்கும் முறைகள் எல்லாம் அந்தக் கேள்வியைக் கைநழுவ விடாமல் நான்கு பாகங்களையும் கடப்பதற்கானவை.

எந்தப் பிரதி, எந்த வரிசை

நாவல் கல்கி இதழில் 1944 ஜனவரி முதல் 1946 ஜூன்வரை தொடராக வந்தது. 'பரஞ்சோதி யாத்திரை', 'காஞ்சி முற்றுகை', 'பிக்ஷுவின் காதல்', 'சிதைந்த கனவு' என்று நான்கு பாகங்கள். மொத்தம் இருநூறுக்கு மேற்பட்ட அத்தியாயங்கள். வாங்குவதற்கு முன் இந்த நான்கு தலைப்புகளும் இருக்கின்றனவா என்று பொருளடக்கத்தைப் பாருங்கள். சுருக்கப் பதிப்புகளில் கதை இருக்கும். ஆனால் உரையாடலும் ஒற்றர் கூத்தும் நகர வருணனையும் வெட்டுப்பட்டிருக்கும், அவை இல்லாத சிவகாமி வெறும் பிடிவாதக்காரியாகத்தான் தெரிவாள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் இணையத்தில் மதுரைத் திட்டத்தில் முழு நூலையும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆனாலும் முதல் பாகத்தையாவது தாளில் படிப்பதையே நான் விரும்பிச் சொல்வேன், ஏனென்றால் அந்தப் பாகத்தில்தான் பின்பக்கம் புரட்டி "இவர் முன்பே வந்தாரே" என்று சரிபார்க்க வேண்டிய தேவை மிகுதியாக இருக்கிறது. கைப்பேசியில் அது எரிச்சல் தரும் வேலை.

கல்கியின் மற்றொரு நாவலான 'பார்த்திபன் கனவு' இதற்கு முன்பே எழுதப்பட்டது என்பதால் அதை முதலில் படிக்க வேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. எழுதிய வரிசைப்படி அது சரி. கதை நடக்கும் வரிசைப்படி அது பின்னால் வருவது. அதை முதலில் படித்தவருக்கு மாமல்லரின் பிற்கால வாழ்க்கை முன்கூட்டியே தெரிந்துவிடும். சிவகாமியின் காதல் எங்கே போய் முடியும் என்ற பதைப்பு பாதி குறைந்துவிடும். சபதத்தை முதலில் படியுங்கள்.

பாகங்களின் தலைப்பிலேயே ஆசிரியர் கதையின் போக்கைச் சொல்லிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். முற்றுகை வரும், ஒரு துறவி காதலிப்பார், ஒரு கனவு சிதையும். ஆகவே என்ன நடக்கும் என்பதற்காக மட்டும் ஓடிப் படிப்பதில் பயனில்லை. அது எப்படி நேர்ந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று பார்த்துக்கொண்டே போவதுதான் இந்த நாவலுக்கு ஏற்ற வேகம்.

எவ்வளவு வேகம்

முதல் வாசகர்கள் இதை இரண்டரை ஆண்டுகள் வாரா வாரம் காத்திருந்து படித்தார்கள். (அந்த இரண்டரை ஆண்டில் பெரும்பகுதி மலாயா ஜப்பானியர் கையில் இருந்தது, இந்தியாவிலிருந்து இங்கே கப்பல் வராத காலம். ஆகவே நம் ஊரார் பெரும்பாலும் இதைப் புத்தகமாகத்தான் அறிந்திருப்பார்கள்.) வாரத் தொடராக எழுதப்பட்டதால் அத்தியாயங்கள் சிறியவை, பெரும்பாலும் ஒரு திடுக்கிடலில் முடிபவை. ஓர் இருக்கையில் மூன்று அல்லது நான்கு அத்தியாயம் படித்தால் போதுமானது. விடுமுறை நாளில் ஐம்பது அத்தியாயம் விழுங்கிவிட்டு அடுத்த இரண்டு மாதம் தொடாமல் விடுவதுதான் இந்த நூலைக் கொல்லும் பழக்கம். இடைவெளி விழுந்தால் பாத்திரங்களின் முகம் மறந்துவிடும், பிறகு முதலிலிருந்து தொடங்க மனம் வராது.

ஒரு தொடர் அத்தியாயம் முந்தைய வாரத்தை நினைவூட்டியபடி தொடங்குவது வழக்கம். புத்தகமாகப் படிக்கும்போது அந்த வரிகள் திரும்பத் திரும்பச் சொல்வதுபோல் தோன்றலாம். அவற்றை வேகமாகக் கடக்கலாம், குற்றமில்லை. ஆனால் முதல் பாகத்தில் காஞ்சி நகரத்தையும், காட்டு நடுவே இருக்கும், சிவகாமியின் தந்தை ஆயனரின் சிற்ப வீட்டையும் விவரிக்கும் பகுதிகளை அப்படித் தாண்டிவிட வேண்டாம். அரங்கேற்றம் இடையில் நின்றுபோன துயரத்தோடு சிவகாமி திரும்பி வருவது அந்த வீட்டுக்குத்தான். அவளை ஒத்த கற்சிலைகள் சுற்றி நிற்க வளர்ந்த பெண் அவள். அதை மனத்தில் பதித்துக்கொண்டவருக்கு மூன்றாம் பாகத்தில் அவள் எடுக்கும் முடிவுகள் விளங்கும்.

பெயர்க் குறிப்பேடு

பள்ளிக் குறிப்பேடு ஒன்றை எடுத்து, ஒரு பாத்திரத்துக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குங்கள். பக்கத்தின் தலைப்பில் முதன்மைப் பெயர். அதன் கீழே அவருக்கு வழங்கும் மற்றப் பெயர்கள். அதற்கும் கீழே, அவர் இப்போது யாரிடம் எதை மறைக்கிறார் என்ற ஒரு வரி. கடைசி வரிதான் முக்கியம், ஏனென்றால் இந்த நாவலில் ஒன்றும் மறைக்காதவர்கள் மிகச் சிலர். தேரோட்டி கண்ணபிரானும் அவன் மனைவி கமலியும் ஏறக்குறைய அந்த வகை. அவர்கள் வரும் இடங்களில் மூச்சு விட்டுக்கொள்ளலாம்.

மாமல்லரின் தந்தையான பல்லவ மன்னர் மகேந்திரவர்மருக்குக் கல்வெட்டுகளே பல பட்டங்களைத் தருகின்றன: குணபரர், விசித்திரசித்தர், மத்தவிலாசர், சத்துருமல்லர். கதையில் அவர் மாறுவேடத்திலும் வேறு பெயரிலும் உலாவுவார். அந்த வேடம் முதலில் வரும்போது ஆசிரியர் சொல்லமாட்டார், நீங்களே ஐயப்பட வேண்டும். நரசிம்மவர்மர்தான் மாமல்லர். திருநாவுக்கரசர் பிறந்தபோது மருள்நீக்கியார், சமணத் துறவியாக இருந்தபோது தருமசேனர், பின்னர் அப்பர். பரஞ்சோதி என்ற இளைஞர் பிற்காலத்தில் சிறுத்தொண்ட நாயனாராக வணங்கப்படுபவர். பல்லவரின் எதிரியான சளுக்கிய மன்னன் புலிகேசியின் தலைநகரான வாதாபி இன்று கர்நாடகத்தில் இருக்கும் பாதாமி. நாகநந்தி அடிகளுக்கு மட்டும் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். காரணத்தை இப்போதே சொல்வது முறையாகாது.

ஒரு தென்னிந்திய வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு காஞ்சி, மாமல்லபுரம், வாதாபி, அஜந்தா ஆகிய நான்கு ஊர்களிலும் புள்ளி வையுங்கள். அஜந்தாவின் மங்காத வண்ணங்களின் இரகசியத்துக்காக ஆயனர் ஏங்குவதும், அந்த ஏக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓர் ஓலை பரஞ்சோதியின் கையில் வடக்கே புறப்படுவதும் முதல் பாகத்தின் முதுகெலும்பு. காஞ்சிக்கும் அஜந்தாவுக்கும் இடையில் எவ்வளவு தொலைவு என்று கண்ணால் பார்த்தவருக்கு, ஒரு கலைஞரின் ஆசை எவ்வளவு எளிதாக அரசியல் கருவியாகிறது என்பது சொல்லாமலே உறைக்கும்.

சமயப் பூசலைப் படிக்கும் முறை

ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சியை ஒரே சமயத்தின் நகரமாகக் கற்பனை செய்துகொண்டு படிப்பவர் ஏமாறுவார். சீன யாத்திரிகர் யுவான் சுவாங் ஏறத்தாழ 640-ஆம் ஆண்டில் காஞ்சிக்கு வந்தபோது அப்பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் 10,000 பிக்குகளும் இருந்ததாகவும், தேவர் கோயில்கள் எண்பது அளவில் இருந்ததாகவும், நிர்க்கிரந்தர் எனப்படும் சமணத் துறவிகளும் பலர் இருந்ததாகவும் எழுதிவைத்தார். அவருடைய எண்கள் துல்லியமானவையா என்பது வேறு வாதம். ஆனால் அவர் கண்ட காஞ்சி, ஜார்ஜ்டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தெருவில் மசூதியும் குவான் யின் கோயிலும் தேவாலயமும், அடுத்த தெருவில் மாரியம்மன் கோயிலும் நிற்பதைப்போல, பல சமயத்தார் தோளோடு தோள் உரசி வாழ்ந்த நகரம். அங்கே பூசல் எழுந்ததற்கு வெறுப்பு மட்டும் காரணமில்லை. அரசனின் ஆதரவு யாருக்கு, மடத்துக்கு நிலம் யாருக்கு, கலைஞனின் உளி யாருக்காகச் செதுக்கும் என்பவையும் காரணம்.

நாவலில் வரும் சொற்களைத் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். பிக்ஷு, புத்த சங்கம், விஹாரம் என்றால் பௌத்தம். அடிகள் என்ற சொல் பொதுவானது, அதை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். பள்ளி, அமணர், திகம்பரர் என்றால் பெரும்பாலும் சமணம். சைவத்துக்குள்ளேயே பாசுபதர், காபாலிகர் என்ற பிரிவுகள் உண்டு. மண்டையோட்டைக் கையில் ஏந்தும் காபாலிகரை நாவுக்கரசரின் பக்தி மரபோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டால் மூன்றாம் பாகத்துக்குப் பிறகு தலைசுற்றும்.

மகேந்திரர் சமணத்திலிருந்து சைவத்துக்கு மாறினார் என்பது கதையின் பின்னணி. இதற்குச் சான்றாகத் திருச்சி மலைக்கோட்டைக் குகைக் கல்வெட்டைக் காட்டுவார்கள். குணபரன் என்னும் அரசனின் இலிங்க வழிபாட்டால், எதிர்நெறியிலிருந்து திரும்பிய ஞானம் உலகில் பரவுக என்ற கருத்து அதில் இருக்கிறது. ஆனால் சமணம் என்ற சொல் அதில் இல்லை. நாவுக்கரசரைச் சுண்ணாம்புக் காளவாயில் இட்டது, கல்லோடு கட்டிக் கடலில் வீசியது, பின்னர் மன்னன் மனம் மாறிப் பாடலிபுத்திரத்துச் (இன்றைய திருப்பாதிரிப்புலியூர்) சமணப் பள்ளியை இடித்துத் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தது ஆகியவற்றை விரிவாகச் சொல்வது சேக்கிழாரின் பெரியபுராணம். அது 12-ஆம் நூற்றாண்டு நூல், நிகழ்ச்சிக்கு ஐந்நூறு ஆண்டு பிந்தியது. மகேந்திரரே எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற வடமொழி நகைச்சுவை நாடகம் இன்னும் சுவையான சாட்சி. காஞ்சித் தெருவில் கள்ளுண்ட காபாலிகன் ஒருவன் தன் கபாலத்தைத் தொலைத்துவிட்டு, வழியே வந்த பௌத்த பிக்குவைத் திருடன் என்று பிடித்துக்கொள்ள, நியாயம் சொல்ல வரும் பாசுபதனும் யோக்கியன் இல்லை. அரசர் பிக்குவை மட்டும் எள்ளவில்லை, சிவனடியார் வேடத்தையும் சேர்த்தே எள்ளுகிறார். கல்கியின் மகேந்திரரிடம் இருக்கும் குறும்பும், எந்தச் சமயத்தார் முன்னும் முழுதாகத் தலை சாய்க்காத மனமும் இந்த நாடகத்தோடு பொருந்துகின்றன. இதை அறிந்த வாசகர், அவரைத் திருந்திய சைவ மன்னர் என்ற ஒற்றைச் சட்டகத்தில் அடைக்கமாட்டார்.

பிக்ஷுவை நியாயமாகப் படிப்பது அடுத்த வேலை. பினாங்கில் இருப்பவருக்கு இது கட்டாய வேலை. நாவலின் பெரிய சூழ்ச்சிக்காரர் காவி அணிந்த பௌத்தத் துறவி. எங்கள் வாசகர் வட்டத்தில் ஓர் இளைஞர் இரண்டாம் பாகம் முடிந்ததும், "இந்தப் பிக்குங்க எல்லாருமே அந்தக் காலத்துல இப்படித்தானா, அண்ணே?" என்று உண்மையாகவே கேட்டார். அவர் வீட்டிலிருந்து லோரோங் பர்மா கூப்பிடு தூரம். சயனப் புத்தர் இருக்கும் சயாமியக் கோயிலும் அதற்கு எதிரே பர்மியக் கோயிலும் அவர் அன்றாடம் கடந்துபோகும் கட்டடங்கள். அவருக்கு நான் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: நாகநந்தி கல்கியின் கற்பனை. எந்தக் கல்வெட்டிலும் அப்படி ஒருவர் இல்லை. அவரை அவருடைய சமயத்தின் பிரதிநிதியாக எடுத்துக்கொள்ளாமல், துறவையும் கலை வெறியையும் அரசியலையும் ஓருடலில் சுமந்து உடைந்துபோகும் தனிமனிதராக எடுத்துக்கொண்டால் அவரே நாவலின் மிக ஆழமான பாத்திரம். மாமல்லரைவிட அவருக்குச் சிவகாமியின் கலை புரியும். அந்தப் புரிதலே அவரை நாசமாக்குகிறது. அவர் வரும் இடங்களை வெறுப்போடு தாண்டுபவர் கல்கியின் சிறந்த பக்கங்களில் சிலவற்றை இழக்கிறார்.

சமநிலைக்காகப் பக்கத்தில் வேறு நூல்களையும் வைத்துக்கொள்ளலாம். மணிமேகலையின் இறுதிக் காதைகள் காஞ்சியில் நடக்கின்றன. பசித்தவருக்குச் சோறிட்டு, அறவண அடிகளிடம் தருமம் கேட்டு அவள் நோன்பு ஏற்பது அந்த நகரத்தில்தான். பௌத்தத்தைப் பௌத்தத்தின் குரலிலேயே தமிழில் கேட்க இதைவிட நல்ல வழி இல்லை. சமணம் தமிழுக்குச் சிலப்பதிகாரத்தையும் சீவக சிந்தாமணியையும் தந்தது என்பதைத் தமிழ்ப்பள்ளியிலேயே படித்திருக்கிறோம்; நாவலில் சமணர்மேல் ஏளனம் வரும் இடங்களில் அது நினைவில் இருந்தால் போதும்.

காதலைப் படிக்கும் முறை

மாமல்லரும் சிவகாமியும் பேசிக்கொள்ளும் பக்கங்கள் இன்றைய வாசகருக்கு நீளமாகத் தெரியும். ஊடுவார்கள், சமாதானமாவார்கள், மறுபடியும் ஊடுவார்கள். அதைக் காதல் வசனமாக மட்டும் படித்தால் அலுப்புத்தான். ஒவ்வொரு ஊடலிலும் இளவரசர் அவளை எப்படிப் பார்க்கிறார், அவள் தன்னை எப்படிப் பார்க்கிறாள் என்பதைக் குறித்துக்கொண்டே வாருங்கள். அவர் அவளைப் பல்லவ அரண்மனைக்கு வரப்போகும் பெண்ணாகப் பார்க்கிறார். அவளோ சிற்பியின் மகள், ஆடுபவள், தன் கலை எவர் அருளாலும் வந்ததில்லை என்று நம்புகிறவள். மகேந்திரர் அவளை நாட்டின் கலைச் செல்வமாகப் பார்க்கிறார். அதனாலேயே மகனுக்கு அவள் ஏற்றவளா என்று தயங்குகிறார். பிக்ஷு அவளை அஜந்தா ஓவியத்தின் உயிர்ப்பாகப் பார்க்கிறார். தந்தை ஆயனருக்கு அவள் சிலைகளுக்கான அபிநய வடிவம். ஒருவரும் அவளை அவளாகப் பார்க்கவில்லை என்ற மனக்குறைதான் அவளுடைய சினத்துக்கு வேர். சபதம் அந்த வேரிலிருந்து முளைக்கிறது.

ஆகவே நடனக் காட்சிகளை மெதுவாகப் படியுங்கள்; முடிந்தால் வாய்விட்டுப் படியுங்கள். நாவுக்கரசரின் திருமடத்தில், அவர் முன்னிலையில், 'முன்னம் அவனுடைய நாமம் கேட்டாள்' என்று தொடங்கும் அவருடைய திருத்தாண்டகத்துக்குச் சிவகாமி அபிநயம் பிடித்து மயங்கி விழும் காட்சி நூலின் சாவி. பதிகத்தில் ஒரு பெண் இறைவனின் பெயரைக் கேட்கிறாள், ஊரைக் கேட்கிறாள், பித்தாகிறாள், பெற்றோரை விடுகிறாள், உலக ஆசாரத்தை விடுகிறாள், கடைசியில் தன்னையே மறக்கிறாள். அவள் ஆடும்போது மனத்தில் இருப்பது ஆரூர்ப் பெருமானா, மாமல்லரா என்று ஆசிரியர் தெளிவாகச் சொல்லமாட்டார். எங்கள் வட்டத்தில் இந்த அத்தியாயத்தை ஓர் இளம் ஆசிரியை வாசித்துக்கொண்டு வந்தபோது, வெள்ளிக்கிழமைகளில் கோவிலில் தேவாரம் பாடும் ஓர் அம்மா புத்தகத்தைப் பாராமலே பதிகத்தைக் கடைசி அடிவரை பாடிவிட்டு, "இந்தப் பொண்ணு அப்பவே போயிட்டா" என்றார். அந்த அம்மா அதற்குமுன் நாவலைப் படித்ததே இல்லை. அந்த ஒரு பாட்டிலேயே அவர் முழுக் கதையையும் கணித்துவிட்டார் என்பதை நான்காம் பாகம் முடித்தபின் மற்றவர்கள் ஒப்புக்கொண்டோம். பக்தியின் மொழியும் காதலின் மொழியும் ஒன்றாகவே இருந்த காலத்தில், சமயம் காதலுக்குப் பகையாகவும் இருக்கலாம், புகலாகவும் இருக்கலாம். கல்கி இரண்டையும் காட்டுகிறார்.

காஞ்சி முற்றுகைப் பகுதியில் காதல் சற்றே ஒதுங்கிவிடும்; ஒற்றர் வேலையும் கோட்டை ஏற்பாடும் மேலோங்கும். இங்கே பொறுமை இழப்பவர்கள், இது 1944-இல் எழுதப்பட்டது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும். 1942 ஏப்ரலில் ஜப்பானியத் தாக்குதலுக்கு அஞ்சிச் சென்னை நகரமே காலியானது. நம் ஜார்ஜ்டவுனில் 1941 டிசம்பரில் குண்டு விழுந்தபோது தெருவில் நின்று விமானத்தை வேடிக்கை பார்த்தவர்கள் மாண்ட கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கோட்டைக்குள் எவ்வளவு நெல் இருக்கிறது, யாரை வெளியே அனுப்புவது, எதிரி எத்தனை நாள் தாங்குவான் என்ற பேச்சுகளை அந்த நினைவோடு படித்தால் அவை உலர்ந்த இராணுவக் கணக்காகத் தோன்றமாட்டா.

சரித்திரத்தைச் சரிபார்க்கும் நேரம்

படித்துக்கொண்டிருக்கும்போதே கைப்பேசியில் ஒவ்வொரு பெயரையும் தேடுவது கெட்ட பழக்கம். இரண்டாவது தேடலிலேயே முடிவு தெரிந்துவிடும். ஒரு பாகம் முடிந்தபின், அந்தப் பாகத்துக்கு உரியதை மட்டும் தேடுங்கள். இரண்டாம் பாகத்துக்குப் பிறகு ஐஹோளெக் கல்வெட்டைப் பற்றிப் படிக்கலாம். 634-ஐ ஒட்டிய ஆண்டில் இரவிகீர்த்தி என்ற சமணப் புலவர் புலிகேசியைப் புகழ்ந்து பாடியது அது. தன் எழுச்சியை எதிர்த்த பல்லவர் தலைவனின் ஒளியைப் படையின் புழுதியால் மறைத்து, காஞ்சி மதிலுக்குள் ஒடுங்க வைத்தான் புலிகேசி என்கிறது. பல்லவர் பக்கம் நின்றே இரண்டு பாகம் படித்தவருக்குச் சளுக்கியர் பக்கத்துப் பெருமிதத்தைக் கேட்பது நல்ல மருந்து.

வாதாபி வீழ்ச்சி 642-இல் நடந்தது. அதற்கு மூன்று வகைச் சான்றுகள் உண்டு: பாதாமிப் பாறையிலேயே நரசிம்மவர்மரின் பெயரோடு இருக்கும் சிதைந்த கல்வெட்டு, புலிகேசியின் முதுகில் வெற்றி என்ற சொல்லை எழுதியதாக வருணிக்கும் கூரம் செப்பேடு, சிறுத்தொண்டர் வாதாபியைத் துகளாக்கினார் என்னும் பெரியபுராணம். ஆயனருக்கும் சிவகாமிக்கும் இவற்றில் இடமில்லை. அவர்கள் முழுக்க ஆசிரியர் படைப்பு. அதாவது போர் நடந்தது உண்மை, போருக்குக் கல்கி சொல்லும் காரணம் கற்பனை. இவ்விரண்டுக்கும் நடுவே செவிவழி மரபு என்ற மூன்றாவது அடுக்கும் இருக்கிறது. திருமண மண்டபத்தில் நாதசுரக்காரர் முதலில் எடுக்கும் வாதாபி கணபதிக் கீர்த்தனையைக் கேட்டதும், அந்தப் பிள்ளையாரைப் பரஞ்சோதிதான் வாதாபியிலிருந்து கொண்டுவந்தார் என்று பெரியவர்கள் சொல்வது இந்த வகை. பெரியபுராணம்கூட அப்படிச் சொல்லவில்லை. குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரித்து, கல்வெட்டு சொல்வது, மரபு சொல்வது, கல்கி சொல்வது என்று எழுதிக்கொண்டு வந்தால், நாவலை ஆதாரமாகக் காட்டிச் சமயச் சண்டை போடுபவரிடம் அமைதியாகப் பேச முடியும்.

பல்லவர் காலம் நமக்கு அப்படியொன்றும் தொலைவானதும் இல்லை. செபராங் பிறையில் 1834-இல் ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி கண்டெடுத்த கல் ஒன்றில், புத்தகுப்தன் என்ற மாநாவிகனின் (கப்பல் தலைவனின்) வேண்டுதல் பல்லவ எழுத்து வகையில் வடமொழியில் பொறிக்கப்பட்டிருக்கிறது. கதை நடக்கும் காலத்துக்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டு முந்திய பௌத்தக் கல் அது, இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாமில் செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில் உள்ள செரோக் தோக்குன் பாறையை நேரிலேயே பார்க்கலாம். எழுத்துகள் தேய்ந்துவிட்டன, காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் கீறல்கள் புலப்படும். இன்னும் வடக்கே போனால் கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கில் இந்துக் கோயில் அடித்தளங்களும் பௌத்த எச்சங்களும் ஒரே வட்டாரத்தில் கிடைத்திருக்கின்றன. மெர்போக் அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். இரண்டாம் பாகத்துக்கும் மூன்றாம் பாகத்துக்கும் இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். வாசிப்பில் அலுப்புத் தட்டும் இடமும் அதுவே.

குழுவாகப் படிப்பவர்களுக்கு

ஐந்தாறு பேர் சேர்ந்தால் மாதம் ஒரு சந்திப்பில் இருபது அத்தியாயம் என்று வைத்துக்கொள்வது தாங்கக்கூடிய சுமை. அத்தியாயங்களை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக் கதை சொல்லவைக்க வேண்டாம். தம் பங்கை மட்டும் படித்துவிட்டு வருவோர் பெருகுவார்கள். அதற்குப் பதிலாகப் பாத்திரத்தைப் பங்கிடுங்கள்: ஒருவர் மகேந்திரருக்காகப் பேசட்டும், ஒருவர் பிக்ஷுவுக்காக, ஒருவர் சிவகாமிக்காக. பிக்ஷுவின் வழக்கை எடுத்துக்கொள்பவர் சைவக் குடும்பத்தவராக இருந்தால் வாதம் சூடு பிடிக்கும். முடிவை முன்பே அறிந்தவர் ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். அவர் வாயைத் திறக்காமல் இருக்கும்படி முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் பாகத்தின் கடைசிப் பத்து அத்தியாயங்களை மட்டும் மேற்சொன்ன வேகக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு, ஒரே அமர்வில் தனியாகப் படியுங்கள். போர் முடிந்தபின்னும் கதை முடியவில்லை என்பதைக் கவனித்து, அந்தப் பக்கங்களை அவசரப்படாமல் கடந்து வாருங்கள். ஒரு வாரம் கழித்துத் திருத்தாண்டகக் காட்சிக்குத் திரும்பி அதை மறுபடியும் படித்தபின், 'பார்த்திபன் கனவை' எடுக்கலாம்.